வாடகை வீட்டு முகவரியில் கம்பெனி பதிவு செய்யலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

குழந்தைகளுக்கான பருத்தி உடைகளை வெளியே தைக்கக் கொடுத்து வாங்கி, இன்ஸ்டாகிராம் வழியாக விற்று வருகிறார். வாடகை வீட்டில் ஓர் அறை முழுக்கச் சரக்கு, பார்சல் கட்டுவதும் அங்கேதான். தோழி ஒருவர் முதலீட்டோடு சேர வருவதால், இருவருமாகப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க முடிவு செய்திருக்கிறார்கள். பெயர் முடிவாகிவிட்டது, பணம் தயார். முகவரியில்தான் வேலை நின்றுவிட்டது.

அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, குடியிருக்கும் வீடு. ஒப்பந்தம் கணவர் பெயரில், 11 மாதத்துக்கு, 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு இருக்கிறது. மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளரோ, "கம்பெனி பேரை என் வீட்டு அட்ரஸ்ல போட்டா நாளைக்கு வீடே கைவிட்டுப் போயிடும்மா" என்கிறார். போதாக்குறைக்கு இபி பில் இன்னும் அவருடைய காலமான அப்பா பெயரிலேயே வருகிறது. இரண்டாவது, ஈரோட்டுப் பக்கம் அண்ணனின் சொந்த வீடு. மூன்றாவது, பதிவு வேலைகளைப் பார்க்கும் கன்சல்டன்ட் சொன்ன வர்ச்சுவல் ஆபீஸ், அதாவது அறை எடுக்காமல் முகவரியை மட்டும் கட்டணத்துக்கு வாங்கும் ஏற்பாடு. "வாடகை ஒப்பந்தமெல்லாம் நாங்களே ரெடி பண்ணித் தந்துடுவோம், யார் வந்து பாக்கப் போறாங்க?" என்றாராம். முன்பு ஒருமுறை முன்பின் தெரியாத வாடிக்கையாளர் ஒருவர் சட்டை மாற்ற வேண்டும் என்று நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதால், வீட்டு முகவரியை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி விடவும் வாசகிக்குத் தயக்கம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'முகவரி' என்ற சொல் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு முகவரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதை முதலில் பிரித்துவிடுவோம்.

கம்பெனிச் சட்டம் கேட்பது 'பதிவு அலுவலகம்'. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதற்கு வைக்கும் அளவுகோல் மிக எளிது: கம்பெனிக்கு வரும் கடிதங்களையும் நோட்டீஸ்களையும் வாங்கி, வாங்கினோம் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அங்கே வியாபாரம் நடக்க வேண்டும் என்றோ, அது வணிகக் கட்டடமாக இருக்க வேண்டும் என்றோ அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஜிஎஸ்டி சட்டம் கேட்பது வேறு. அதற்கு வேண்டியது 'தொழில் நடக்கும் இடம்'. சரக்கு வைத்திருக்கும் அறை, கணக்குப் புத்தகம் இருக்கும் இடம், பொருள் வெளியே போகும் இடம் எல்லாம் அதில் அடங்கும். முதன்மையான இடம் ஒன்றையும், மற்றவை இருந்தால் கூடுதல் இடங்களாகவும் காட்ட வேண்டும். பதிவு அலுவலகமும் ஜிஎஸ்டி முகவரியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்க வேண்டும்.

எந்த முகவரி சரியானது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பதிவுத் தபாலோடு தபால்காரர் வருகிறார். கையெழுத்துப் போட்டு வாங்குவது யார்? வாங்கியவர் அதை எத்தனை மணி நேரத்தில் உங்கள் கையில் சேர்ப்பார்? இந்த இரண்டுக்கும் ஆள் பெயரோடு பதில் இருந்தால் அது முகவரி. இல்லையென்றால், ஆவணங்கள் எவ்வளவு பக்காவாக இருந்தாலும் அது முகவரி அல்ல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் தொழிலில் முதலில் வரக்கூடிய வழக்கு நுகர்வோர் வழக்காகத்தான் இருக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். நோட்டீஸ் உங்கள் பதிவு அலுவலகத்துக்கு வரும். கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. "கவரே எனக்கு வந்து சேரவில்லை" என்று பிறகு சொன்னாலும் எளிதில் எடுபடாது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். 'கதவு பூட்டியிருந்தது' என்று பேனாவால் கிறுக்கி, தேதி போட்டுத் திரும்பிய உறை ஒன்று போதும், நீங்கள் இல்லாமலேயே உத்தரவு வந்துவிடும். உங்களுக்குத் தெரியவரும்போது அது நிறைவேற்றும் கட்டத்தில் இருக்கும்.

வர்ச்சுவல் ஆபீஸ் பற்றி

வர்ச்சுவல் ஆபீஸ் என்றாலே சட்டவிரோதம் என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. அப்படி ஒரு தடை சட்டத்தில் கிடையாது. ஒழுங்காக நடத்தும் இடங்களில் வரவேற்பில் ஆள் இருக்கிறார், தபாலை வாங்கிப் பதிவேட்டில் எழுதுகிறார், ஸ்கேன் செய்து அன்றே அனுப்புகிறார், உங்கள் கம்பெனியின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது. அது செல்லும். அதே கட்டணத்தில் ஒரே மேசையின் முகவரியை நூறு பேருக்கு விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு கட்டடத்தையே காலி செய்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து எது எப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. பணம் கட்டும் முன் சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே அங்கே பதிவு செய்திருக்கும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அவங்களுக்கு ஒரு கவர் கொடுக்கணும்" என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலேயே உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

ஆனால் உங்கள் கன்சல்டன்ட் சொன்னது வர்ச்சுவல் ஆபீஸ் பற்றியது மட்டுமல்ல. "வாடகை ஒப்பந்தத்தை ரெடி பண்ணித் தருகிறோம்" என்றாரே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடத்தை உண்மையில் வாடகைக்கு விட உரிமையுள்ளவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமா, அல்லது பதிவுக்காகவே தயாரிக்கும் காகிதமா? இரண்டாவது என்றால் உடனே விலகிவிடுங்கள். பதிவின்போது தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் அது கம்பெனிச் சட்டத்தில் மோசடிக்குரிய 447-ஆவது பிரிவுக்குள் வரும், சிறைத் தண்டனை வரை போகும். படிவத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போடப்போவது நீங்களும் உங்கள் தோழியும். கன்சல்டன்ட் பெயர் எங்கேயும் வராமல் போகலாம்.

"யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. கம்பெனி உண்மையில் தொழில் நடத்தவில்லை என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், ஆர்ஓசி எனப்படும் கம்பெனிப் பதிவாளர் பதிவு அலுவலகத்தை நேரில் சரிபார்க்கலாம். எப்படிச் சரிபார்ப்பது என்பதை கம்பெனிப் பதிவு விதிகளில் 2022 ஆகஸ்டில் சேர்ந்த விதி 25பி விளக்குகிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்ப்பார். தேவைப்பட்டால் காவல்துறை உதவியும் கேட்பார். நீங்கள் பதிவேற்றிய ஆவணங்களைக் கையில் கொண்டுவந்து, அங்கே குடியிருப்பவர் தரும் நகல்களோடு ஒப்பிடுவார். புகைப்படம் எடுப்பார். தபால் வாங்க வக்கில்லாத இடம் என்று தெரிந்தால், கம்பெனிக்கும் எல்லா இயக்குநர்களுக்கும் நோட்டீஸ் போகும். 30 நாளில் விளக்கம் தராவிட்டால், அல்லது தந்த விளக்கம் எடுபடாவிட்டால், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கும் நடவடிக்கை தொடரும். இது தவிர 12-ஆவது பிரிவை மீறியதற்காக நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம், அதிகபட்சம் 1 லட்சம் வரை அபராதம் உண்டு. கம்பெனிக்குத் தனி, பொறுப்பான ஒவ்வொரு அதிகாரிக்கும் தனி.

ஜிஎஸ்டி பக்கம் இதைவிடக் கறார். அறிவித்த இடத்தில் தொழில் நடக்கவில்லை என்பதே பதிவை ரத்து செய்யப் போதுமான காரணம். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான் தருவார்கள். உங்கள் சரக்கு முழுவதும் வீட்டு அறையில் இருக்க, ஜிஎஸ்டி முகவரியாக வேறெங்கோ ஒரு மேசையைக் காட்டினால், அதிகாரி வரும் நாளில் அங்கே ஒரு சட்டைகூட இருக்காது. வெளிமாநிலங்களுக்கும் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விற்றுமுதல் 40 லட்சத்தைத் தொடவில்லையே என்று ஜிஎஸ்டி பதிவைத் தள்ளிப்போட முடியாது. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்.

அண்ணன் வீடு

பாசத்தில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் பதிவு அலுவலகமாக மட்டும் அண்ணன் வீட்டைக் காட்டினால் சட்டப்படி செல்லும். சொந்த வீடு, அண்ணன் கையெழுத்து, அண்ணி எப்போதும் வீட்டில் இருக்கிறார், தபால் வாங்கிவிடுவார். ஆனால் தமிழ்நாட்டில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் இரண்டு: ஒன்று சென்னை, மற்றது கோயம்புத்தூர். ஈரோடு கோவைப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது. பிற்பாடு சென்னைக்கு மாற்ற நினைத்தால், ஒரே மாநிலம் என்றாலும் ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறது என்பதால் மத்திய அரசின் மண்டல இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். சென்னைக்குள்ளேயே வீடு மாறுவது போல அது ஒரு படிவத்தோடு முடிகிற காரியம் அல்ல. கணக்குப் புத்தகங்களையும் சட்டப்படி பதிவு அலுவலகத்தில்தான் வைக்க வேண்டும். வேறிடத்தில் வைக்க இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு, ஏழு நாளில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கோ அந்த வீடு உதவவே உதவாது, அங்கே தொழில் எதுவும் நடக்கவில்லை.

குடியிருக்கும் வீடு: என் முதல் தேர்வு

நீங்கள் தயங்கி ஒதுக்கும் இந்த வழிதான் என் கணக்கில் முதல் வழி. சரக்கு அங்கே இருக்கிறது, நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், செவ்வாய்க்கிழமை மதியம் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. குடியிருப்பு வீடு என்பதற்காகப் பதிவாளர் மறுக்க முடியாது. ஜிஎஸ்டியிலும் அதிகாரிகள் ஊகத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் அறிவுறுத்தல் வெளியிட்டிருக்கிறது. 'இந்த வளாகத்தில் இந்தத் தொழில் நடத்த முடியாதே' என்ற மாதிரிக் கேள்விகளை அதுவே உதாரணமாகக் காட்டி வேண்டாம் என்கிறது. உங்கள் விண்ணப்பம் மாநில அதிகாரியிடம் போனால் அது அவரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பதிலில் எடுத்துக்காட்டலாம்.

தடை சட்டத்தில் இல்லை, உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருப்பதை மறைத்துவிட்டுக் கம்பெனி தொடங்கினால், அதையே காரணமாக வைத்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு நீங்களே வழி திறந்துவிடுவதாக ஆகும். இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி நபர். வாடகைதாரர் உங்கள் கணவர். அவர் இன்னொருவரை இடத்தைப் பயன்படுத்த விட்டால் 'உள்வாடகை' என்று வாதிடலாம். "நான்தானே, என் கம்பெனிதானே" என்பது அங்கே செல்லாது. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இந்த இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும்.

இப்போது வீட்டு உரிமையாளரான அந்தப் பெரியவரின் பயம். வீடு கைவிட்டுப் போகாது. பதிவு அலுவலகமாக ஒரு முகவரியைக் காட்டுவதால் அந்த இடத்தின்மீது கம்பெனிக்கு எந்தச் சொத்துரிமையும் வராது. கம்பெனி கடன்பட்டாலும் கடன்காரர் கம்பெனியின் சொத்தைத்தான் தொட முடியும், வீட்டு உரிமையாளரின் சொத்தை அல்ல. இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் எல்லாப் பயமும் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். மோசமான நாள் ஒன்று வந்தால் நீதிமன்ற அமீனா அந்த வாசலுக்குத்தான் வருவார். வரி அதிகாரி வந்தாலும் அங்கேதான். மின்சாரத்தைப் பொறுத்தவரை அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்துவதாக மின்வாரியம் முடிவெடுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இருமடங்குக் கட்டணம் போடலாம். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். லேப்டாப்பும் சில பெட்டிகளும் வைத்திருப்பதற்கும், நான்கு தையல் மெஷின் போட்டு ஓட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தைப்பதை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு அறை பெருத்தால் தனி மீட்டர் பற்றிப் பேசுங்கள். வீட்டுவரியை வணிகக் கணக்கில் உயர்த்தினாலும் இதே கதைதான்.

அவரிடம் வாங்க வேண்டிய, என்ஓசி எனப்படும் சம்மதக் கடிதத்தில் வழக்கமாக 'எனக்கு ஆட்சேபனை இல்லை' என்று இரண்டு வரி இருக்கும். அது பதிவாளருக்குப் போதும். உரிமையாளரின் நிம்மதிக்குப் போதாது. இந்த மாதிரி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

"மேற்படி முகவரியைக் கம்பெனி தனது பதிவு அலுவலகமாகவும், தைத்து முடித்த துணிகளை ஓர் அறையில் வைத்து அனுப்பும் இடமாகவும் பயன்படுத்த சம்மதிக்கிறேன். இங்கே உற்பத்தி எதுவும் நடைபெறாது. இச்சம்மதத்தால் கம்பெனிக்கு வாடகை உரிமையோ வேறு எந்த உரிமையோ ஏற்படாது. இதன் காரணமாக மின்கட்டணமோ வரியோ உயர்ந்தால் கம்பெனியே ஏற்கும். நான் எழுத்து மூலம் கேட்டால் 60 நாளுக்குள் கம்பெனி தன் முகவரியை மாற்றிக்கொள்ளும்."

கடைசி வரியைப் படித்ததும் பல உரிமையாளர்கள் பேனாவை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற உறுதி கிடைத்ததும் பயம் போய்விடுகிறது. உங்களுக்கும் அதில் பெரிய நஷ்டமில்லை. சென்னைக்குள் மாறுவதானால் இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு, பதிவாளருக்கு முகவரியைத் தெரிவிக்கும் ஐஎன்சி-22 படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்தால் போதும். ஜிஎஸ்டியில் 15 நாளுக்குள் திருத்தம் கேட்க வேண்டும். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வங்கியிலும், சிறு தொழிலுக்கான உத்யம் சான்றிலும் மாற்றுவது அப்புறம்.

வாடகையையும் கம்பெனி பெயருக்கு மாற்றிவிடலாமே, செலவில் காட்டலாமே என்று ஆடிட்டர் யாராவது சொல்வார். அவசரப்படாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுள்ளவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை வாடகைதாரரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். தன் சொந்தக் குடியிருப்புக்காக எடுக்கும் தனிநபர் தொழில் உரிமையாளருக்குப் பிறகு விலக்கு வந்தது. கம்பெனிக்கு அந்த விலக்கு இல்லை. இப்போதைக்கு வாடகை கணவர் பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனி சம்மதக் கடிதத்தின் பேரில், வாடகை தராமல் பயன்படுத்தட்டும்.

வாசலில் வந்து நிற்கும் அந்நியர்

உங்கள் தயக்கம் நியாயமானது, ஆனால் முழுத் தீர்வு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலக முகவரியைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். கடிதத் தாளிலும் பில்லிலும் அச்சிட வேண்டும். இணையம் வழியாக விற்பவர்கள் முகவரியை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன. வெளியே பலகை வேறு வைக்க வேண்டும். அதில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பகுதியில் வழங்கும் மொழியிலும் எழுத வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு, அதாவது இங்கே தமிழில். பலகைக்கு அளவு எதுவும் அதில் சொல்லவில்லை. கண்ணில் படும்படி, படிக்கும்படி இருந்தால் சரி. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பலகைக்குப் பெரியவர் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

முகவரியை மறைக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், ஆவணத்தில் விளையாடாமல் இடத்தையே மாற்றுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு கோ-ஒர்க்கிங் இடத்தில் உண்மையான ஒரு சிறிய அறை எடுத்து, சரக்கையும் அங்கே கொண்டுபோய், இரண்டு பதிவுகளையும் அந்த முகவரியில் செய்யலாம். செலவு கூடும். தோழி போடும் பணத்தில் ஒரு பங்கு மாதாமாதம் வாடகைக்கே போகும். அதனால்தான் முதல் ஆண்டில் இதை நான் வற்புறுத்தவில்லை. வீட்டு முகவரியில் இருந்துகொண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சட்டை மாற்றுவதும் திருப்பித் தருவதும் கூரியர் வழியாக மட்டும்தான், நேரில் கிடையாது என்று இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் பார்சலுக்குள் வைக்கும் சீட்டிலும் தெளிவாக எழுதுங்கள். தபால் பெட்டி எண் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நோட்டீஸை வாங்கி ஒப்புகை தரவும், பலகை மாட்டவும் அங்கே ஆளோ சுவரோ இல்லை.

இபி பில்லும் கதவு எண்ணும்

பதிவு அலுவலகத்தைச் சரிபார்க்க வேண்டிய ஆவணங்கள் உங்கள் விஷயத்தில் இரண்டு: உரிமையாளரின் சம்மதக் கடிதம் அவருடைய உரிமைச் சான்றோடு, அப்புறம் அந்த முகவரிக்கான மின்சாரம் போன்ற ஒரு சேவையின் பில். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நமக்கு மின் கணக்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள் என்பதால், புது பில் வந்த வாரத்தில் தாக்கல் செய்வது நல்லது. கம்பெனி தொடங்கும்போதே முகவரி உறுதியாகவில்லை என்றால், தொடர்பு முகவரி ஒன்றைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, 30 நாளுக்குள் ஐஎன்சி-22 தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. பெரியவரைப் பேசிச் சம்மதிக்க வைக்க நாள் ஆகும் என்றால் இது கைகொடுக்கும். ஆனால் அந்த 30 நாளை நீங்களாக நீட்டிக்க முடியாது.

அப்பா பெயரில் வரும் பில் நிறைய வீடுகளில் இருக்கும் தொல்லைதான். சொத்துவரி ரசீது இப்போதைய உரிமையாளர் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மாறியிருந்தால் ஜிஎஸ்டிக்கு அந்த ரசீதே போதும், உரிமைக்கு ஏதாவது ஓர் ஆவணம் இருந்தால் போதும் என்றுதான் நான் மேலே சொன்ன அறிவுறுத்தலும் சொல்கிறது. பதிவாளருக்கு பில்லும் வேண்டும் என்பதால், அப்பாவின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்த்து வையுங்கள். அந்த வாரிசுச் சான்றில் பெரியவரின் பெயர் மட்டுமல்லாமல் தங்கை, தம்பி பெயர்களும் இருந்து, பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால், வீடு எல்லோருக்கும் பொது. ஒருவர் மட்டும் போட்ட சம்மதத்தை மற்றவர்கள் பிறகு கேள்வி கேட்கலாம். அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடியாது என்றால் கோ-ஒர்க்கிங் வழியே உங்களுக்கு நிம்மதி. எப்படியும் மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது பெரியவருக்கும் நல்லதுதான். அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் மனது இளகவும் கூடும்.

கடிதத்தின் மேல்மூலையில் உங்கள் முகவரியைப் பழைய எண், புதிய எண் இரண்டோடும் எழுதியிருந்தீர்கள். நல்ல வேளை, அதைப் பார்த்தேன். இபி பில்லில் ஒரு எண், வாடகை ஒப்பந்தத்தில் இன்னொன்று, சொத்துவரி ரசீதில் இரண்டும் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவு எண், தெருப் பெயரின் எழுத்து, பின்கோடு மூன்றையும் ஒப்பிடுங்கள். படிவத்திலும் சம்மதக் கடிதத்திலும் 'புதிய எண், பழைய எண்' என்று இரண்டையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். எந்த ஆவணத்தில் எந்த எண் இருந்தாலும் அது ஒரே வீடுதான் என்று உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, அதையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். பெரியவர் சம்மதித்ததும் ஒப்பந்தத்தின் நகலையும் வாரிசுச் சான்றையும் எனக்கு அனுப்பி வைத்தால், தாக்கல் செய்வதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.